ஆழ்கடல் குட்டி நத்தைக்கு புதுப் பேர் வைக்கிறது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்குல ஒரு லேப்ல கடல் நத்தை ஓடுங்கள தரம் பிரிச்சு, அளந்து, போட்டோ எடுத்து, புது இனம்னு தெரிஞ்சா அதுக்கு விவரம் எழுதுற வேலைல நானும் ஒரு ஆளு. ஸ்கூல் பிள்ளைங்க, எஸ்டிபிஎம் படிக்கிற தம்பி தங்கச்சிங்க, ஓடு சேர்க்கிற அங்கிள்மாரு, கோயில்ல பார்க்குற சொந்தக்காரங்கன்னு எல்லாரும் சுத்தி சுத்தி ஒரே கேள்விங்களத்தான் கேக்குறாங்க, அதனால அவங்க கேட்ட வார்த்தையிலயே கேள்விய வச்சு பதில எழுதிட்டேன். மேல இருந்து வரிசையா படிங்க, பின்னாடி வர்ற பதில்ல முன்னாடி சொன்னத திருப்பி சொல்லல.

அக்கா, ஆழ்கடல் நத்தைன்னா பாசார்ல விக்கிற சிப்புட் மாதிரியா?

ஒரே பெரிய கூட்டம்தான், ரெண்டும் கேஸ்ட்ரோபாட். பாசார்ல வாங்குறது சதுப்புநிலச் சேத்துல வாழ்றது, நான் சொல்றது 200 மீட்டருக்கும் கீழ, செடி பாசி வளர்ற அளவுக்கு வெளிச்சமே போகாத எடத்துல இருக்கிறது. சைஸ்தான் நிறைய பேரு எதிர்பார்க்காத விஷயம், முழுசா வளர்ந்ததே 3 மிமீ, 4 மிமீ இருக்கும், மைக்ரோஸ்கோப் இல்லாம பார்த்தா மணல்னு தட்டி விட்டுடுவீங்க.

சாப்பாடும் ஒண்ணொண்ணுக்கும் வேற வேற. சிலது சேத்துல விழுற அழுகின பொருளத் தின்னும், சிலது நட்சத்திர மீன், கடல் வெள்ளரி மேல ஒட்டுண்ணியா இருக்கும் (யூலிமிடே குடும்பம்), கோனாய்டியாங்கிற கூட்டத்துல நிறைய இனம் விஷம் ஏத்தின பல்லால புழுவக் குத்தி முழுங்கும். அந்தக் கூட்டத்துல இன்னும் பேர் வைக்காத இனங்கள் ஏராளம், ஆழ்கடல் சேத்த சலிச்சா அதுங்கதான் அடிக்கடி கண்ணுல படும்.

நம்ம பினாங்கு கடல்ல வலை போட்டா கிடைக்குமா?

கிடைக்காது. மலாக்கா நீரிணை நம்ம பக்கம் ரொம்ப ஆழம் கம்மி, தெலுக் பஹாங்ல இருந்து போட்ல போற தூரத்துல இந்த மாதிரி ஆழம் வராது. மலேசியாவுல உண்மையான ஆழ்கடல் வேணும்னா சபா பக்கம் போகணும், அங்க கரைக்கு வெளியில இருக்கிற சபா பள்ளம் 2,500 மீட்டருக்கும் மேல ஆழம்.

எடுக்கிறது ஆராய்ச்சிக் கப்பல்ல, கடல் அடியில இழுக்கிற பீம் டிராலும் டிரெட்ஜும் வச்சு. மேல வந்த சேத்த சல்லடைல கழுவுவாங்க, கடைசி சல்லடையோட ஓட்டை அரை மிமீ இருந்தாத்தான் நம்ம ஆளுங்க சிக்குவாங்க. சேலஞ்சர் கப்பல் (1872 முதல் 1876), வங்காள விரிகுடாவுலயும் அந்தமான் கடல்லயும் வேல செஞ்ச இன்வெஸ்டிகேட்டர், இந்தோனேசியாவச் சுத்தின சிபோகா (1899 முதல் 1900), பிரெஞ்சுக்காரங்க 1976ல பிலிப்பைன்ஸ்ல ஆரம்பிச்ச முசோர்ஸ்டோம், 2018ல சிங்கப்பூரும் இந்தோனேசியாவும் சேர்ந்து ஜாவாவுக்கு தெற்க போனதுன்னு பல பயணங்கள்ல எடுத்தது இன்னிக்கு வரைக்கும் பல மியூசியத்துல இருக்கு.

அப்போ கப்பல்ல போகாதவங்களால இந்த வேலையே செய்ய முடியாதா?

முடியும், பெரும்பாலான புது இனம் கப்பல் மேல கண்டுபிடிக்கிறதில்ல, அலமாரில கண்டுபிடிக்கிறதுதான். எல்லா வகை உயிரினத்தையும் சேர்த்து பார்த்த ஒரு ஆய்வு 2012ல வந்துச்சு, ஒரு ஸ்பெசிமென் சேகரிச்ச நாள்ல இருந்து அதுக்கு பேர் வர்ற நாள் வரைக்கும் சராசரியா 21 வருஷம் ஆகுதுன்னு அதுல காட்டினாங்க. அவ்ளோ வருஷம் ஜாடிக்குள்ள காத்திருக்கு, பார்க்க ஆள் இல்லாம. எனக்கு இத நினைச்சா வருத்தம்தான் வரும், கப்பலுக்கு செலவு பண்ண காசு வருது, உட்கார்ந்து பார்க்கிற ஆளுக்கு சம்பளம் கொடுக்க காசு வர்றதில்ல.

இது புதுசுன்னு எப்படி அவ்ளோ உறுதியா சொல்றீங்க? இன்டர்நெட்ல தேடி இல்லன்னா புதுசா?

இதுதான் முழு வேலையோட மையம், அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன். புதுசா ஒண்ண பார்க்கிறது கஷ்டமே இல்ல, ஏற்கனவே பேர் வச்ச எதுவுமே இது இல்லன்னு காட்டுறதுதான் கஷ்டம். முதல்ல எந்த குடும்பம், அதுக்குள்ள எந்த ஜீனஸ் (நெருங்கின இனங்களச் சேர்த்து வைக்கிற தொகுதி)னு பிடிக்கணும். அப்புறம் அந்த ஜீனஸ்ல இது வரைக்கும் யாரு யாரு என்ன பேர் வச்சிருக்காங்கன்னு முழு லிஸ்ட் எடுக்கணும், அதுக்கு மொலஸ்காபேஸ்னு ஒரு டேட்டாபேஸ் இருக்கு, காசு இல்லாம பார்க்கலாம். இப்ப செல்லுபடியாகிற பேரு மட்டும் பார்த்தா பத்தாது, இது அதோட இன்னொரு பேருதான்னு ஒதுக்கி வச்ச பழைய பேருங்களையும் எடுக்கணும், ஏன்னா ஒதுக்கினவரு தப்பா ஒதுக்கியிருந்தா உங்க நத்தைக்கு நூறு வருஷமா பேரு இருக்குன்னு அர்த்தம்.

அடுத்தது ஒவ்வொரு பேருக்கும் முதல் முதல்ல எழுதின விவரத்த படிக்கணும். சேலஞ்சர் நத்தைங்கள வாட்சன் 1886ல எழுதினாரு, சிபோகா நத்தைங்கள ஷெப்மன் 1908ல இருந்து 1913 வரைக்கும் எழுதினாரு, வால்டிவியா கப்பல்ல எடுத்ததுல பெரும் பகுதிய தீலே 1925ல ஜெர்மன்ல எழுதினாரு. லத்தீன், பிரெஞ்சு, ஜெர்மன் எல்லாம் வரும், படம் சின்னதா இருக்கும், ஓட்டோட நுனிய வரையவே மாட்டாங்க. அப்போ மியூசியத்துக்கு மெயில் போட்டு அந்த பழைய டைப் ஸ்பெசிமென்னோட (பேர் வைக்கும்போது ஆதாரமா வச்ச ஓடு) போட்டோ கேக்கணும், முடிஞ்சா நேர்ல போய் பார்க்கணும். இந்தப் படிய தாண்டி குதிக்கிறவங்க பேப்பர்தான் பின்னாடி உடையுது.

இன்னொண்ணு, பக்கத்து கடல்ல இருக்கிறதோட மட்டும் ஒப்பிடாதீங்க. ஆழ்கடல்ல இனங்கள் ரொம்ப தூரம் பரவியிருக்கலாம், சபால எடுத்தது பிஜிலயோ மடகாஸ்கர் பக்கமோ ஏற்கனவே பேர் வாங்கியிருக்கும். நாட்டு எல்லை நமக்குத்தான், நத்தைக்கு கிடையாது.

ஒரே இனத்துலயே ஒண்ணு குட்டை ஒண்ணு நெட்டைன்னு இருக்காதா, அத வேற இனம்னு நினைச்சிட்டா?

நிச்சயமா இருக்கும். குஞ்சுக்கும் பெருசுக்கும் வாய் வடிவம் மாறும், ஆண் பெண் சைஸ் மாறும், ஆழத்துக்கு தகுந்தாப்ல ஓடு மெலிசாகும். அதனால ஒரே ஒரு குணத்துல வித்தியாசம், அதுவும் அளவுல மட்டும் வித்தியாசம்னா நான் புது இனம்னு சொல்லமாட்டேன். சுத்துக்கு எத்தன வரி, வரியும் குறுக்கு மேடும் எப்படி சந்திக்குது, தொப்புள் ஓட்டை தெறந்திருக்கா மூடியிருக்கா, வாயோட உதட்டுல வெட்டு எங்க இருக்குன்னு ஒண்ணோட ஒண்ணு சம்பந்தமில்லாத நாலஞ்சு குணம் சேர்ந்தே மாறணும், இடையில நிக்கிற ஸ்பெசிமென் எதுவும் இருக்கக்கூடாது.

வெறும் ஓடு மட்டும்தான் இருக்கு, உள்ள நத்தையே இல்ல. இதுக்கு பேர் வைக்கலாமா?

வைக்கலாம், விதில தடை இல்ல, குட்டி நத்தைங்கள்ல எக்கச்சக்கமானது ஓட்ட மட்டும் வச்சே எழுதினதுதான். ஆனா ரெண்டு விஷயம் பார்க்கணும். செத்த ஓடு கரையோரத்துல இருந்து சரிவுல உருண்டு ஆழத்துக்கு போயிருக்கலாம், அப்போ 600 மீட்டர்ல எடுத்தேன்னு எழுதுறது உண்மை, 600 மீட்டர்ல வாழுதுன்னு எழுதுறது உண்மை இல்ல. சில ஓடு பல ஆயிரம் வருஷம் பழசாகூட இருக்கும். அதனால ஒவ்வொரு ஸ்பெசிமென்னும் உயிரோட வந்ததா, காலி ஓடான்னு பேப்பர்ல தனித்தனியா எழுதிடுங்க, இத எழுதாம விட்ட பழைய பேப்பருங்களால நாங்க படுற பாடு கொஞ்சம் இல்ல.

ஓட்டோட நுனியையே ஏக்கா இவ்ளோ நேரம் பார்த்துட்டு இருக்கீங்க?

அந்த நுனிதான் அது குட்டிப் பருவத்துல போட்ட ஓடு, புரோட்டோகாங்க்னு சொல்லுவோம், பெருசாகும்போது அத தூக்கிப் போடாம அதுக்கு மேலயே சுத்து சுத்தா கட்டிக்கிட்டு போகும். நுனி அரிச்சுப் போகாம இருந்தா ஒரு நத்தையோட குழந்தைப் பருவம் முழுசா உங்க கையில இருக்கு. சுத்து நிறைய இருந்து, ஒண்ணொண்ணும் குட்டியா இருந்தா, லார்வா கடல் தண்ணில மிதந்து தின்னு வளர்ந்திருக்கு, ரொம்ப தூரம் போயிருக்க வாய்ப்பு உண்டு. ஒண்ணு ஒன்றரை சுத்துதான், அதுவும் உருண்டையா பெருசா இருந்தா முட்டைல இருந்த சத்திலயே வளர்ந்திருக்கு, பொதுவா தூரம் போகாது.

இது இனம் பிரிக்கவும் உதவும், மேல சொன்ன பரவல் கேள்விக்கும் உதவும். பெருசான பிறகு ஓடு ஒரே மாதிரி இருக்கிற ரெண்டுக்கு நுனி வேறயா இருந்தா நான் உடனே நிமிர்ந்து உட்காருவேன். சில குடும்பத்துல நுனி எதிர்ப்பக்கம் சுத்தும், பிரமிடெல்லிடே அப்படி, குடும்பத்த பிடிக்க அது நல்ல அடையாளம். சுத்து எண்ணுறதுக்கு முறை இருக்கு, எந்த முறைல எண்ணினீங்கன்னு பேப்பர்ல சொல்லிடுங்க, இல்லன்னா உங்க ஒன்றரை எனக்கு ஒண்ணே முக்காலா வரும்.

நத்தைக்கு பல் இருக்காம்ல, அதையும் பார்க்கணுமா?

உடம்போட கிடைச்சா கட்டாயம் பாருங்க. ராடுலான்னு ஒரு நாடா, அது மேல வரிசை வரிசையா பல்லு, தேங்காய் துருவி மாதிரி வேல செய்யும். உடம்ப நீர்த்த ப்ளீச்சுல போட்டா சதை கரைஞ்சு ராடுலா மட்டும் மிஞ்சும், அத கழுவி எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்ல பார்க்கணும். 3 மிமீ நத்தையோட ராடுலா கண்ணுக்கே சரியா தெரியாது, மூச்ச பிடிச்சுக்கிட்டு செய்ற வேல, ஒரே ஒரு ஸ்பெசிமென் இருந்தா அனுபவம் உள்ளவங்க கையில கொடுத்துடுங்க. ஜீனஸ் எதுன்னு முடிவு பண்றதுல ஓடு ஏமாத்தும், ராடுலா அவ்ளோ சுலபமா ஏமாத்தாது. ஓட்டு வாய அடைக்கிற மூடி கிடைச்சா அதையும் படம் எடுங்க.

இவ்ளோ கஷ்டம் ஏன், டிஎன்ஏ போட்டா மெஷினே சொல்லிடாதா?

டிஎன்ஏ எனக்கு ரொம்ப பிடிக்கும், முடிஞ்ச எல்லாத்துக்கும் எடுக்கணும்னுதான் சொல்லுவேன். பொதுவா சிஓஐ ஜீன்ல ஏறத்தாழ 658 எழுத்து உள்ள துண்ட படிப்போம், ஓடு ஒரே மாதிரி இருக்கிற ரெண்டு இனத்த அது தெளிவா பிரிச்சுக் காட்டும், குஞ்சையும் பெருசையும் ஒண்ணு சேர்க்கும். ஆனா மெஷின் சொல்றது "என்கிட்ட இருக்கிற லிஸ்ட்ல இது இல்ல"ன்னு மட்டும்தான். பழைய பேருங்கள்ல பெரும்பாலானதுக்கு டிஎன்ஏவே கிடையாது, அதுங்களோட டைப் எல்லாம் காஞ்ச ஓடு. லிஸ்ட்ல இல்லங்கிறதும் பேர் இல்லாததுங்கிறதும் வேற வேற, அந்த இடைவெளிய நிரப்புறது நாலாவது கேள்வில சொன்ன ஒப்பீடுதான்.

இன்னொரு சிக்கல், ஃபார்மலின்ல போட்டா டிஎன்ஏ கெடும், அது அமிலமாகி குட்டி ஓட்டையும் அரிச்சிடும். ஆல்கஹால், அதுவும் 95 சதவீதத்துக்கு மேல இருக்கிறது வேணும். நத்தை உள்ள இழுத்துக்கிட்டு மூடிய அடைச்சிடுச்சுன்னா ஆல்கஹால் உள்ள போகாது, உடம்பு அழுகிடும், அதுக்குத்தான் உயிரோட வந்தத சில நொடி மைக்ரோவேவ்ல வச்சு எடுக்கிற முறை வந்துச்சு, உடம்பு ஓட்ட விட்டு சுலபமா கழண்டு வரும், ஓடும் உடையாது, டிஎன்ஏவும் நல்லா வரும்.

ஒரே ஒரு ஸ்பெசிமென்தான் இருக்குன்னா காத்திருக்கணுமா?

ஆழ்கடல்ல அரிதுங்கிறது சாதாரண விஷயம். நியூ கலிடோனியால கூமாக் பக்கம் ஆழம் கம்மியான கடல்லயே 295 சதுர கிலோமீட்டர்ல, அதாவது கிட்டத்தட்ட நம்ம பினாங்கு தீவோட பரப்பளவுல, 2,738 மெல்லுடலி இனம் எடுத்தாங்க, 2002ல வந்த ஆய்வு அது. அவ்ளோ பேரு அவ்ளோ நாள் தேடியும் அதுல ஐந்துல ஒரு பங்கு இனத்துக்கு ஒரே ஒரு ஸ்பெசிமென்தான் கிடைச்சது. இனி ஒண்ணு கிடைக்கட்டும்னு காத்திருந்தா உங்க காலத்துல கிடைக்காம போகலாம்.

என் கருத்து இதுதான்: ஓடு முழுசா, அரிக்காம, வளர்ந்ததா இருந்து, வேற எதோடயும் குழம்பவே முடியாத குணம் இருந்தா ஒண்ண வச்சே எழுதுங்க. வித்தியாசம் நூல் அளவுதான்னா எழுதாதீங்க, அந்த ஜீனஸ்ல எண் போட்டு, படத்தோட வெளியிட்டு விட்டுடுங்க, அடுத்தவரு ரெண்டாவது ஸ்பெசிமென்னோட வருவாரு.

ஹோலோடைப்னு சொல்றீங்களே, அது என்ன பெரிய விஷயம்?

பேரு ஒட்டியிருக்கிற அந்த ஒரே ஒரு ஸ்பெசிமென்தான் ஹோலோடைப். நாளைக்கு உங்க விவரணைல சந்தேகம் வந்தா எல்லாரும் திரும்பிப் போய் பார்க்கிறது அதைத்தான். 2000ம் வருஷத்துல இருந்து வர்ற புது இனத்துக்கு எது டைப்னு தெளிவா குறிக்கணும், ஹோலோடைப்னா அது எந்த நிறுவனத்துல இருக்கும்னும் எழுதணும், இல்லன்னா பேரே செல்லாது. கூட இருக்கிற மத்த ஸ்பெசிமெனெல்லாம் பாராடைப். பாராடைப்ப ரெண்டு மூணு மியூசியத்துக்கு பிரிச்சுக் கொடுக்கிறது நல்ல பழக்கம், ஒரு எடத்துல தீ புடிச்சா இன்னொரு எடத்துல இருக்கும்.

தங்கம் பூசி எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்ல வைக்கிறதுக்கு பாராடைப்ப எடுங்க, ஹோலோடைப்ப தொடாதீங்க.

ஏன் சிங்கப்பூருக்கும் பாரிசுக்கும் கொடுக்கணும், நம்ம நாட்டுலயே வைக்கக்கூடாதா?

வைக்கலாம், வைக்கணும்னுதான் என் ஆசையும். பார்க்க வேண்டியது மூணே விஷயம்: நூறு வருஷத்துக்கு பாதுகாக்க ஏற்பாடு இருக்கா, பதிவு எண் போடுறாங்களா, வெளியில இருந்து கேக்குறவங்களுக்கு பார்க்க விடுவாங்களா. சிங்கப்பூர் லீ கோங் சியான் மியூசியத்துலயும் பாரிஸ் இயற்கை வரலாற்று மியூசியத்துலயும் இது இருக்கு, ஒப்பிட வேண்டிய பழைய டைப்பும் அங்க இருக்கு, அதான் ஆளுங்க அங்க போறாங்க. நம்ம தண்ணில எடுத்ததுக்கு ஹோலோடைப் இங்க, பாராடைப் அங்கன்னு வைக்கிறதுதான் எனக்கு நியாயமா படுது. வீட்டு அலமாரில மட்டும் வைக்காதீங்க.

எங்க அம்மா பேர வைக்கலாமா?

தாராளமா வைக்கலாம். எழுத்து லத்தீன் எழுத்தா இருக்கணும், மொழி எதா இருந்தாலும் பரவாயில்ல, எண்ணோ உச்சரிப்புக் குறியோ வரக்கூடாது. பெண் பேருன்னா கடைசில ஏ, இ ரெண்டு எழுத்தும் ஆண் பேருன்னா ஐ எழுத்தும் சேரும். குணத்த சொல்ற லத்தீன் சொல்லா இருந்தா ஜீனஸ் ஆண்பாலா பெண்பாலான்னு பார்த்து முடிவு மாறும். அதே ஜீனஸ்ல அதே பேரு முன்னாடி யாராச்சும் வச்சிருந்தா உங்களோடது போச்சு, அதனால முதல்ல தேடுங்க. எடத்துப் பேரு வைக்கிறதா இருந்தா அந்த எடத்துல இருந்து வந்ததா இருக்கணும், சபா நத்தைக்கு பினாங்கு பேர வச்சு வருங்காலத்து ஆள குழப்பாதீங்க.

பேர வச்சு ஒரு விஷயத்த ஊர் கவனத்துக்கு கொண்டு வரவும் செய்யலாம். பேராக் காந்தான் மலைல இருந்து வந்த நிலத்து நத்தை ஒண்ணுக்கு 2014ல சரோபா லஃபார்ஜியைன்னு பேர் வச்சாங்க, அந்த மலைல சுண்ணாம்புக்கல் எடுத்த சிமெண்ட் கம்பெனியோட பேரு அது. அந்த நத்தையோட வாழ்வு யார் கையில இருக்குன்னு அதவிட தெளிவா எழுத முடியாது.

சொந்தப் பேரையே வச்சுக்கலாமா?

விதில தடை இல்ல, ஆனா யாரும் செய்யமாட்டாங்க, செஞ்சா மரியாதை போயிடும். உங்க பேரு எப்படியும் இனத்துப் பேருக்குப் பின்னால ஆசிரியர் பேரா வருஷத்தோட நிக்கும், அது போதும்.

ஃபேஸ்புக்ல போட்டோ போட்டு பேர் அறிவிச்சா செல்லுமா?

செல்லாது. விலங்குப் பேருங்களுக்கு உலகம் முழுக்க ஒரே விதித்தொகுப்பு இருக்கு, லின்னேயஸோட 1758ம் வருஷ பதிப்ப ஆரம்பமா வச்சு எண்ணுறாங்க, இப்ப இருக்கிற நாலாவது பதிப்பு 2000ம் வருஷத்துல இருந்து நடப்புல இருக்கு. முன்னாடி ஆன்லைன்ல மட்டும் வந்த பேரு செல்லாது, 2012ல விதிய திருத்தி மின்னிதழும் செல்லும்னாங்க, ஆனா அதுக்கு முன்கூட்டியே ஸூபேங்க்னு விலங்குப் பேருங்களுக்கான ஆன்லைன் பதிவேட்டுல பதிவு பண்ணணும், பதிவு பண்ணின ஆதாரம் பேப்பருக்குள்ளயே இருக்கணும். இத மறந்து வெளியான பேருங்க நிறைய, எல்லாம் திரும்ப வெளியிட வேண்டியதா ஆச்சு.

மாஸ்டர்ஸ், பிஎச்டி பண்ற பிள்ளைங்க தீசிஸ்ல புதுப் பேர எழுதாதீங்க, எண்ணோ எழுத்தோ போட்டு குறிச்சு வைங்க, ஜர்னல்ல வந்த பிறகு பேரு வரட்டும்.

எவ்ளோ செலவாகும்? ஜர்னலுக்கு காசு கட்டணுமா?

ஜர்னல பொறுத்து. யூரோப்பியன் ஜர்னல் ஆஃப் டாக்ஸானமில எழுதுறவங்களும் கட்ட வேணாம், படிக்கிறவங்களும் கட்ட வேணாம். ஸூடாக்சால எல்லாரும் இலவசமா படிக்கணும்னு நீங்க கேட்டாத்தான் கட்டணம். ஸூகீஸ்ல கட்டணம் உண்டு, ஆனா யாரு வேணும்னாலும் படிக்கலாம். பெரிய செலவு எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் நேரமும் டிஎன்ஏவும்தான், யுனிவர்சிட்டில ஒருத்தரோட சேர்ந்து எழுதினா அது குறையும்.

நான் பயாலஜி படிக்கல, கிளார்க் வேல பார்க்குறேன், ஓடு சேர்க்குறேன். நான் செய்யலாமாம்மா?

செய்யலாம் அங்கிள். பட்டம் கேக்குற விதி எதுவும் கிடையாது, நத்தை ஆய்வு நூத்தம்பது வருஷமா பாதிக்கு மேல உங்கள மாதிரி ஆளுங்க தோள்லதான் நிக்குதுன்னு நான் நம்புறேன். ஐரோப்பாவுல நிலத்துலயும் நன்னீர்லயும் புதுசா பேர் வச்ச உயிரினங்கள கணக்கெடுத்த 2012 ஆய்வுல 60 சதவீதத்துக்கு மேல இதத் தொழிலா செய்யாதவங்க எழுதினதுன்னு தெரிஞ்சது. ஒரு குடும்பத்த மட்டும் எடுத்துக்குங்க, அதோட பழைய பேப்பர் எல்லாத்தையும் சேருங்க, முதல் பேப்பர அனுபவம் உள்ள ஒருத்தரோட சேர்ந்து எழுதுங்க.

பத்து ஃபெரிங்கி கடைல வாங்கின ஓடு, எந்த புக்லயும் இல்ல. புது இனமா இருந்தா?

இருக்கலாம், ஆனா எந்தக் கடல், எவ்ளோ ஆழம், எந்த வருஷம்னு கடைக்காரருக்கே தெரியாது. எடம் தெரியாத ஓட்ட ஹோலோடைப்பா வச்சா அத திரும்பத் தேடிப் போக வழியே இல்ல. பிலிப்பைன்ஸ் மீனவங்க ஆழத்துல வலை விட்டு எடுக்கிற ஓடுங்க வியாபாரத்துல நிறைய சுத்துது, அதுல வந்த நல்ல இனங்கள் உண்மையிலயே உண்டு, ஆனா அங்க எழுதினவங்க எந்தத் தீவு, எத்தன மீட்டர்னு மீனவர்கிட்டயே கேட்டு எழுதினாங்க. உங்க ஓட்ட ஒரு துப்பா வச்சுக்குங்க, அதே மாதிரி ஒண்ணு மியூசியத்துல லேபலோட இருக்கான்னு தேடுங்க.

நாமளே எடுக்கிறதுக்கு பர்மிட் வேணுமா?

வேணும், எடுக்கிறதுக்கு முன்னாடி. உயிரியல் வளங்கள அணுகுறதுக்கும் பலன பகிர்றதுக்கும் மலேசியாவுல 2017ம் வருஷச் சட்டம் இருக்கு, சபாவுலயும் சரவாக்லயும் தனி பல்லுயிர் மையங்கள் இருக்கு, அங்க எடுக்கிறதுக்கு அவங்ககிட்ட தனியா கேக்கணும், வெளிநாட்டுக்கு அனுப்பறதுக்கு இன்னொரு அனுமதி. பர்மிட் எண்ண பேப்பர்ல எழுதுங்க, இப்ப நிறைய ஜர்னல் கேக்குது.

பேர் வச்ச பிறகு அது ஏற்கனவே பேர் உள்ளதுன்னு யாராச்சும் காட்டிட்டா?

முதல்ல வச்ச பேரு நிக்கும், உங்க பேரு அதோட இணைப்பேரா லிஸ்ட்ல இருக்கும், அழியாது. ஒரே வருஷத்துல ரெண்டு பேரு எழுதியிருந்தா எந்த தேதில வெளியாச்சுன்னு பார்ப்பாங்க. இனம் சரி, ஜீனஸ்தான் தப்புன்னா இனப்பேரு அப்படியே வேற ஜீனஸுக்கு போகும், உங்க பேரும் வருஷமும் பிராக்கெட்டுக்குள்ள போயிடும். பழைய பேருங்கள்ல சிலதுக்கு பிராக்கெட் இருக்கு, சிலதுக்கு இல்லையேன்னு கேட்டவங்களுக்கும் இதுதான் பதில்.

ஏம்மா, 3 மில்லிமீட்டர் நத்தைக்கு பேர் வச்சு யாருக்கு என்ன லாபம்?

பேரு இல்லாதத யாரும் காப்பாத்த முடியாது, சட்டத்துலயும் எழுத முடியாது. இந்தியப் பெருங்கடல்ல வெந்நீர் ஊற்றுப் பக்கத்துல 2001ல ஒரு நத்தைய பார்த்தாங்க, காலு முழுக்க செதில், அதுல இரும்பு சல்ஃபைடு. உலகமே பேசிச்சு, ஆனா முறையா பேரு வந்தது 2015ல, கிரைசோமல்லான் ஸ்குவாமிஃபெரம்னு. பேரு வந்த பிறகு 2019ல உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயூசிஎன்னோட செம்பட்டியல்ல அழியும் ஆபத்துல இருக்கிறதா சேர்த்தாங்க, காரணம் அது வாழ்ற எடத்துல ஆழ்கடல் சுரங்கம் தோண்டுற திட்டம். நடுவுல போன 14 வருஷம் அந்த நத்தைக்கு எந்தப் பட்டியல்லயும் எடம் கிடைச்சிருக்காது. அது 3 மிமீ இல்ல, சில சென்டிமீட்டர், அதான் கவனிச்சாங்க. அதே ஊற்றுல, அதே சேத்துல இருக்கிற குட்டிங்களுக்காகத்தான் நாங்க உட்கார்ந்திருக்கோம்.

ஹோலோடைப் தொலைஞ்சு போனா, இல்ல பொடிஞ்சு போனா, பேரும் போயிடுமா?

பேரு போகாது. பொடியறது நம்ம ஊரு ஈரத்துக்கு நிஜமான பயம்தான், மரப் பெட்டில இருந்து வர்ற அமில ஆவி பட்டா ஓட்டு மேல வெள்ளையா உப்பு பூத்து கொஞ்சம் கொஞ்சமா தின்னுடும், பைன் நோய்னு சொல்லுவாங்க. அதனால மரம், சாதா அட்டை, சாதா பஞ்சு எதுவும் வேணாம், அமிலம் இல்லாத பெட்டியும் ஈரம் கட்டுப்படுத்தின அறையும் வேணும்.

உண்மையிலயே தொலைஞ்சு, அது இல்லாம இனத்த அடையாளம் காண முடியாத நிலைமை வந்தா மட்டும் நியோடைப்னு ஒண்ண நியமிக்கலாம். சும்மா மாத்திக்க முடியாது, தொலைஞ்சத தேடினதுக்கு ஆதாரம் காட்டணும், பழைய விவரணையோட பொருந்தணும், முடிஞ்ச வரைக்கும் முதல்ல எடுத்த எடத்துக்கு பக்கத்துல இருந்து வரணும், ஒரு நிறுவனத்தோட சொத்தா இருக்கணும். ஆழ்கடல்ல அந்த எடத்துக்கு திரும்பப் போறதுன்னா மறுபடியும் கப்பல். அதனாலதான் ஹோலோடைப்ப முன்பக்கம், பின்பக்கம், பக்கவாட்டு, நுனின்னு எல்லாக் கோணத்துலயும் நல்ல தெளிவுல படம் எடுத்து, அளவுக்கோடு போட்டு பேப்பர்ல வைக்கச் சொல்றேன், முடிஞ்சா மைக்ரோ சிடி ஸ்கேனும் எடுத்து வைங்க.